முந்நூற்று நாற்பத்தொரு நாள் துவைக்காத ஜீன்ஸ் குறித்துச் சம்பந்திக்கு

ஸ்டோர்விக், மினசோட்டா
பிப்ரவரி 15, ஞாயிறு பிற்பகல்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி டெல்பர்ட் ஸ்ட்ரௌட் அவர்களுக்கு,

ஹால்வர் நீகார்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மார்லிஸும், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி என்பதை விட்டுவிட்டால், குறையொன்றுமில்லாமல் இருக்கிறோம். மேற்கு டெக்ஸஸில் தாங்களும் வில்லாடீன் அம்மாளும் தங்கள் மாடுகளும் அவ்விதமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய பீக்கன் பருப்பு வந்து சேர்ந்தது. மார்லிஸ் அதை எண்ணெய் படாத வறுவலாக வறுத்துப் புட்டியில் போட்டு, விருந்தாளி வந்தால் மட்டுமே திறப்பேன் என்று மேல் அலமாரியில் வைத்திருக்கிறாள். நான் வீட்டு ஆள் என்பதால் எனக்கு ருசி தெரியாது.

இந்தக் கடிதம் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக. தங்கள் மகன் வேட், "பரவாயில்லீங்க சார்" என்று சொன்னால், அது உண்மையாகவே பரவாயில்லை என்று பொருள்படுமா, படாதா? ஒரு வரியில் பதில் எழுதினால் போதும். ஜூன் மாதம் என் மகள் கேரியை அவருக்குக் கட்டிக்கொடுக்க இருக்கிறோம். அவர் மனதில் என்மீது ஒரு வருத்தம் இருந்து, அதை நான் அறியாமலே சர்ச்சில் கைகுலுக்கிவிட்டால், பிறகு வாழ்நாள் முழுக்க அது எங்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். இந்தக் கேள்வி எதனால் எழுந்தது என்று சொல்லாமல் பதில் கேட்பது முறையல்ல. முப்பத்தெட்டு வருஷம் இந்த வட்டாரப் பத்திரிகையில் நிருபராக இருந்தவன் நான். ஆகவே நடந்ததை நாள், மணி, ஆள் பெயருடன் தருகிறேன். எனக்குப் பாதகமான இடங்களையும் விடவில்லை.

அந்த ஜீன்ஸைத் தங்களுக்குத் தெரியும். அதன் பஞ்சு தங்கள் நிலத்தில் விளைந்தது. அதை நூற்று, நீலம் தோய்த்து, பலகை போன்ற துணியாக நெய்து தைத்து, போன பிறந்தநாளுக்குத் தாங்கள்தான் மகனுக்குக் கொடுத்தீர்கள். அவரும் அவருடைய நண்பர்கள் நாற்பது பேரும் ஒரு வருஷம் வாஷிங் மெஷினில் போடுவதில்லை, சோப்பு காட்டுவதில்லை என்று பந்தயம் கட்டியிருப்பதும், வருஷக் கடைசியில் நாற்பத்தொரு ஜீன்ஸையும் வரிசையாக விரித்து எது அழகாக வெளுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள் என்பதும் எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். அன்று அவரும் கேரியும் ஒரு வாரம் தங்க வந்தார்கள். அன்றைக்கு அந்த ஜீன்ஸுக்கு முந்நூற்று நாற்பத்தோராவது நாள். "ஒவ்வொருத்தர் முழங்காலும் ஒவ்வொரு மாதிரி மடங்குமுங்க சார். அந்த மடிப்பு துணியில விழுகும். மெஷின்ல போட்டா எல்லாம் ஒண்ணாயிருமுங்க" என்று விளக்கினார். எனக்கு நியாயமாகவே பட்டது.

மாலை ஆறு ஐந்துக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய ஹாட்டிஷ். வேட் என் இடது பக்கம், மார்லிஸ் எதிரே. ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன கையோடு ஒரு வாடை வந்தது. நான் செய்தியாளன், மிகைப்படுத்த மாட்டேன். ஏரிக்கரையில் எதையோ புதைத்து, பிறகு மனம் மாறித் தோண்டி எடுத்தது போன்ற வாடை. மார்லிஸின் பார்வை ஜீன்ஸ் பக்கம் போனது. என் பார்வையும் போனது. வேட்டின் பார்வை மட்டும் என்மீது வந்து, உடனே தட்டுக்கு இறங்கிவிட்டது. வெட்கப்படுகிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

"மெஷின் ஓடப்போகுது வேட். அந்த ஜீன்ஸையும் கூடப் போட்டுக் குடுக்கட்டுமா?" என்றாள் மார்லிஸ்.

"வேணாங்கம்மா."

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

"வேணாங்கம்மா, நெசமாவே வேணாங்க."

எங்கள் ஊர் வழக்கத்தைத் தாங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. இங்கே எதையும் மூன்று தரம் கேட்க வேண்டும். ஒரு கோப்பை காபியானாலும் சரி, பனியில் சிக்கிய காரைத் தள்ளிவிடுவதானாலும் சரி. முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், கேட்டவர் மனசாரத்தான் கேட்டாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவதுதான் பதில். மார்லிஸ் மூன்றாம் தரம் கேட்க வாயைத் திறந்த நொடியில் போன் அடித்தது. வெள்ளிக்கிழமை சர்ச் அடித்தளக் கூடத்தில் நிச்சய விருந்து, நாற்பத்திரண்டு பேர், பன்றித்தொடை எத்தனை போதும் என்று என் அத்தை மகள் இருபது நிமிஷம் பேசினாள். பேசி முடித்தபோது ஹாட்டிஷ் ஆறிவிட்டது, பேச்சும் மாறிவிட்டது. இரண்டு வேண்டாமோடு விஷயம் அந்தரத்தில் நின்றது. வேட்டுக்கு உள்ளூர ஆசைதான், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்பது மார்லிஸின் முடிவு.

மறுநாள் காலை சமையலறையில் கேரி இதைத் திருத்த முயன்றாள்.

"அம்மா, அவர் வேணாம்னா வேணாம்தான்."

"எத்தனாவது வேணாம்?"

"முதல் வேணாமே."

"அப்போ வேணும்னா என்னடி சொல்வாங்க?"

"வேணும்னு சொல்வாங்க."

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "எடுத்த எடுப்பிலயா?" என்றாள். தங்கள் வளர்ப்பைப் பற்றி அவள் மேற்கொண்டு சொன்ன ஒரு வாக்கியத்தை, சம்பந்தி என்ற முறையில், இங்கே விட்டுவிடுகிறேன்.

அன்று பத்து மணிக்கு இருவரும் வடக்கே பனிச்சறுக்குக்குக் கிளம்பினார்கள். வெள்ளி மதியம் திரும்புவதாக ஏற்பாடு. பந்தயத்தில் வருஷத்துக்குப் பத்து நாள் விடுப்பு உண்டாம், அதில் ஐந்து இதற்கு. ஜீன்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வேட், அதை என் கையில் கொடுத்தார். "மாடியில ஆணியில தொங்கட்டுங்க சார். வேற ஒண்ணும் பண்ண வேணாங்க." நான், "என் வாக்கு" என்றேன். இந்த இரண்டு வார்த்தையும் என் வாயிலிருந்து வந்தவை. மறுக்கவில்லை.

ஆணியில் அது ஒன்றேகால் மணி நேரம் தொங்கியது. பிறகு மார்லிஸ் மாடிக்கு வந்தாள். "ஏங்க, மெஷின்ல போடக்கூடாதுன்னுதானே பந்தயம்? மெஷின் தவிர உலகத்துல வேற வழியே இல்லையா? வெள்ளிக்கிழமை போதகருக்குப் பக்கத்துல இதைப் போட்டுக்கிட்டு உட்காரப்போறான் அந்தப் பையன். மானம் போறது யாருக்கு, அவனுக்குத்தானே" என்றாள். அவள் சொன்னதில் ஒரு ஓட்டை இருந்தது, ஓட்டை வழியாக நானும் நுழைந்தேன்.

முதல் வழி ஃப்ரீசர். குளிரில் கிருமி செத்தால் வாடையும் சாகும் என்று மார்லிஸ் எங்கோ படித்திருக்கிறாள். ஜீன்ஸை மடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, நிலவறை ஃப்ரீசரில் மான்கறிப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்தாள். எங்கள் ஃப்ரீசரில் பெயர்ச்சீட்டு இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. ஆகவே அதன்மீதும் ஒரு சீட்டு ஒட்டி, "வேட். கால் இரண்டு. பிப்ரவரி" என்று எழுதினாள். செவ்வாய் காலை பக்கத்து வீட்டு வெர்னா, கொத்துக்கறி போட எங்களிடம் கேட்டிருந்த மான் கால்களை எடுத்துப்போக வந்தாள். நாங்கள் கடைக்குப் போயிருந்தோம். எங்கள் ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. அவள் நேரே நிலவறைக்குப் போய், கால் இரண்டு என்று எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெர்னா அதைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்து உறைபனி இறங்க விட்டிருக்கிறாள். பூண்டு நசுக்கி வைத்திருக்கிறாள். கத்தி தீட்டியிருக்கிறாள். பையைத் திறந்தால் உள்ளே மனிதனுடைய கால்சட்டை. மேலே என் வருங்கால மருமகனின் பெயர். வேறு ஊராக இருந்தால் போலீசுக்குப் போன் போயிருக்கும். புதன் காலை எட்டு மணிக்கு வெர்னா அதை அழகாக மடித்து, மேலே ஒரு தட்டு ஓட்ஸ் இனிப்புத் துண்டுகள் வைத்து, கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குளிர் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"வெர்னா, வாடை ஏதாவது அடிச்சுதா?" என்று நானே கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலயே."

மரியாதைக்காகச் சொல்கிறாள் என்று தெரிந்தது. கையில் வாங்கி முகத்தருகே கொண்டுபோய் மோந்தேன். வாடை அப்படியே இருந்தது. மத்தியானத்துக்குள் தெருவில் எட்டு வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் எதையும் கேட்கவில்லை, ஆனால் எட்டு வீட்டிலிருந்தும் யோசனை வந்தது.

அதில் ஒன்று, பள்ளி நாடகங்களுக்கு முப்பது வருஷம் உடை தைத்த அம்மாள் சொன்னது. வோட்காவைத் தெளிப்பானில் ஊற்றித் துணிமீது அடித்தால், அது காயும்போது வியர்வை வாடையையும் கூட்டிக்கொண்டு போய்விடுமாம். எங்கள் வீட்டில் வோட்கா கிடையாது. நகராட்சி மதுக்கடைக்குப் போனேன். உள்ளே எங்கள் லூத்தரன் போதகர் நின்றிருந்தார். இருவரும் பத்து நிமிஷம் வானிலை பேசினோம். அவர் வெறுங்கையோடு வெளியே போனார், நானும் வெறுங்கையோடு வெளியே போனேன். வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வந்த அக்வவிட் அரைப் புட்டி இருந்தது. எங்கள் நார்வே முன்னோர் குடித்தது, வோட்காவைப் போலவே நிறமில்லாமல் இருக்கும், நெடியும் அப்படித்தான். சீமைச் சோம்பு போட்டு வடிப்பார்கள் என்பது மட்டுமே வித்தியாசம். அந்த வித்தியாசத்தின் அளவை நான் குறைத்து மதிப்பிட்டேன். உள்பக்கமும் வெளிப்பக்கமும் எழுபத்தைந்து தடவை அடித்துத் தாழ்வாரக் கொடியில் போட்டேன். மூன்று மணிக்கு மார்லிஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, போயிடுச்சு. இப்போ சோம்பு ரொட்டி வாசனைதான் வருது. நல்லாத்தான் இருக்கு."

நான் கேள்விப்பட்டதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தவன் அல்ல. நேரில் போய் மோந்தேன். சோம்பு வாசனை இருந்தது. அதற்குக் கீழே அந்தப் பழைய வாடையும் இருந்தது. "போகல" என்றேன்.

"எனக்கு வரலயே?"

"உன் மூக்குக்குச் சளி" என்றேன். தங்களிடம் ஒளிக்க வேண்டியதில்லை, இந்த இடத்திலிருந்து விஷயத்தை ஓட்டியது மார்லிஸ் அல்ல, நான்தான்.

வியாழன் மாலை நாலரைக்கு தோய்வோ வீட்டுச் சௌனாவுக்கு ஜீன்ஸைக் கொண்டுபோனேன். தோய்வோ ஃபின்லாந்துக்காரர் பேரன், மரம் அறுப்பவர். வீட்டுக்குப் பின்னால் பலகையறை கட்டி, அடுப்பில் கல்லைக் காயவைத்துத் தண்ணீர் விசிறி, வியாழன்தோறும் நாலு பேரை அவித்து எடுப்பார்.

"ஹால்வர், அழுக்கை எடுக்கிறது தண்ணி இல்லய்யா, சூடு. கொண்டா, அதையும் ஒரு ஆளா நினைச்சு மேல் பலகையில உக்காத்தி வை" என்றார். வைத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கரண்டித் தண்ணீர் கல்லில் விழுந்து ஆவி எழுந்தது. ஆவியோடு அந்த வாடையும் எழுந்தது. அதுவரை நாங்கள் கண்டது அதன் நிழல் மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது. தோய்வோவின் இரண்டு மச்சினர்களும் எழுந்து, வழக்கத்துக்குப் பதினைந்து நிமிஷம் முன்னதாகவே, வெற்றுடம்போடு பனியில் போய் நின்றார்கள். தோய்வோ மட்டும் பின்வாங்கவில்லை. சௌனாவில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக்கொத்தை எடுத்து, "இது கொழுப்பெடுத்த நாத்தம். அடிச்சாத்தான் போகும்" என்று ஜீன்ஸை முன்னும் பின்னும் சாத்தினார். களைத்ததும் அது கிடந்த இடத்திலேயே உட்கார்ந்தார். ஆவியில் நீலம் இறங்கியிருந்தது. எழுந்தபோது அவருடைய பின்புறம் எந்த நிறத்திலிருந்தது என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். அவர் மனைவி என்னுடன் பேச ஆறு வாரமாகும் என்று சொல்கிறார்கள்.

ஆவியில் நனைந்ததை ஈரத்தோடு வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. தோளில் போட்டு நடந்து வந்த நானூறு அடியில் அது விறைக்க ஆரம்பித்துவிட்டது. தங்கள் ஊரில் ஜீன்ஸுக்குக் கஞ்சி போட்டு நிற்கவைப்பார்கள் என்று வேட் சொன்னார். எங்கள் ஊரில் கஞ்சி வேண்டியதில்லை. வாசல் பனியில் இரண்டு காலையும் ஊன்றி, இடுப்பை விரித்துப் பிடித்து இருபது நிமிஷம் நின்றால் போதும், அது தானாக நிற்கும். இரவெல்லாம் காற்று வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இங்கே குளிர்காலத்தில் இப்படி உறைந்த கால்சட்டைகளைத் தெருவில் நிறுத்திவைத்து வேடிக்கை பார்ப்பது உண்டு. ஆகவே வெள்ளி காலை யாரோ அதன் இடுப்பில் ஒரு சால்வையைச் சுற்றியிருந்ததில் ஆச்சரியமில்லை. தபால்காரர் அதற்குக் காலை வணக்கம் சொன்னதைச் சன்னலிலிருந்து பார்த்தேன். பனி தள்ளும் வண்டி வந்தது. பக்கத்தில் வந்து, மெதுவாக்கி, ஆளைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிக்கொண்டு போனது.

பதினொன்று பத்துக்கு, சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே, வேட்டும் கேரியும் வந்து இறங்கினார்கள்.

வேட் காரிலிருந்து ஒரு காலைத்தான் வெளியே வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். அவருடைய ஜீன்ஸ், உள்ளே அவர் இல்லாமல், முழங்கால் கொஞ்சம் மடிந்து, சால்வை கட்டிக்கொண்டு, வாசலில் அவரை வரவேற்க நின்றிருந்தது.

"அப்பா," என்றாள் கேரி, "ஆணியில தொங்கட்டும்னுதானே சொன்னாரு?"

"தொங்கிச்சு," என்றேன். "கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம்னா?"

"ஒன்றேகால் மணி."

"வாக்குக் குடுத்தீங்களேப்பா!"

நான் உதவி செய்வதாக நினைத்து ஜீன்ஸைத் தூக்கப்போனேன். அப்போதுதான் வேட் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "மடக்கிராதீங்க சார்! ஒடைஞ்சு போயிரும்!" இடது முழங்காலில் படக்கென்று ஒரு சத்தம் ஏற்கெனவே கேட்டுவிட்டது. பிறகு நாலு பேரும் சேர்ந்து, அடிபட்ட ஆளைத் தூக்குவதுபோல, நின்ற வாக்கில் உள்ளே கொண்டுபோய்க் கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் சாய்த்தோம். அது உருகி உட்காருகிற வரையில் நாலு பேரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், முகம் இல்லாவிட்டாலும். முழங்காலில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. அளந்தேன், ஒன்றேகால் அங்குலம். முந்நூற்று நாற்பத்தாறு நாள் உழைப்பின்மீது என் கைவிரலால் இழுத்த கோடு.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வேட் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சார், நான் ஒண்ணு சொல்லோணுங்க..." என்று ஆரம்பித்தார். என்னையே பார்த்தார். வாயைத் திறந்து மூடினார். "இல்ல, பரவாயில்லீங்க சார்."

ஐந்து மணி விருந்துக்கு அவர் அந்த ஜீன்ஸைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த நாற்காலி. நாற்பத்திரண்டு பேர் கூட்டத்தில் எங்கள் இருவரைச் சுற்றி மட்டும் ஆறு நாற்காலி காலியாக இருந்தது. போதகர் ஜெபத்தை வாசலுக்கு அருகே நின்று செய்தார். என் அத்தை மகள் எங்கள் மேஜை வரைக்கும் வந்து, மூக்கைச் சுருக்கி, "வித்தியாசமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் வித்தியாசம் என்பது சபிப்பதற்கு அடுத்த சொல். வேட்டின் காது சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மறுபடியும், "சார், உங்ககிட்ட ஒண்ணு..." என்றார். நான் திரும்பினேன். "பரவாயில்லீங்க சார், அந்த வெண்ணெயைக் கொஞ்சம் தள்ளுங்க."

சனி காலை ஒன்பது இருபதுக்குக் கிளம்பும்போது கார்க் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூன்றாம் தரமும் அதே "பரவாயில்லீங்க சார்"தான்.

இதுதான் என் சிக்கல். எங்கள் கணக்குப்படி மூன்று தரம் சொன்னால் அது உண்மை. தங்கள் கணக்குப்படி ஒரு தரம் சொன்னாலே உண்மை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் நிம்மதியாகத் தூங்க வேண்டும். ஆனால் சொல்ல வந்ததை மூன்று தரம் விழுங்கிய ஒருவரின் பரவாயில்லை எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. "உங்க மகளை எனக்கு வேண்டாம்" என்பதுதான் அந்த விழுங்கிய வாக்கியமா? அல்லது "இனி உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்பதா? நாலு மாதத்தில் மருமகனாகப் போகிறவர் இன்னும் என்னை சார் என்றுதான் கூப்பிடுகிறார். தபால்காரரையும் அவர் சார் என்றுதான் கூப்பிட்டார். தாங்கள் அவரைப் பெற்றவர். தங்களுக்குத் தெரியும். தயவுசெய்து மறைக்காமல் எழுதவும். தங்கள் பஞ்சுக்கு நான் செய்த கொடுமைக்குத் தங்களிடமும் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். நாற்றம் பற்றி எழுதியதற்கும் மன்னிக்க வேண்டும். அது தங்கள் குடும்பத்தைக் குறித்ததல்ல, ஜீன்ஸைக் குறித்தது மட்டுமே.

வில்லாடீன் அம்மாளுக்கு மார்லிஸின் அன்பு. தங்கள் நிலத்தில் விதைப்புக்கு முன் நல்ல மழையும், அறுப்பின்போது நல்ல வெயிலும், நடுவில் ஆலங்கட்டி விழாத வானமும் அமையட்டும். எங்கள் பனியில் பாதியைத் தங்களுக்கு அனுப்ப வழியிருந்தால் இன்றே அனுப்பியிருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள சம்பந்தி,
ஹால்வர் நீகார்ட்

பின்குறிப்பு. திங்கள் காலை, ஒன்பது நாற்பது. உறையை ஒட்டித் தபால்தலையும் ஒட்டிய பிறகு, ஆவி காட்டித் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை காபி குடிக்க உட்கார்ந்தபோது மார்லிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, ஜீன்ஸ் போய் ரெண்டு நாள் ஆச்சு. வாடை போகலயே" என்றாள். உண்மைதான். வீட்டை ஒரு மணி நேரம் மோந்தோம். எந்த அறைக்கு நான் போனாலும் அங்கே அது இருந்தது. வேட் வேறு ஏதாவது விட்டுப் போயிருக்கிறாரா என்று கேட்கக் கேரிக்குப் போன் செய்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, பேச முடியாமல், போனை அவரிடம் கொடுத்தாள்.

"மாமா," என்றார் வேட். "தொப்பிங்க."

என் கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். காது மூடும் மடல் உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் பை. ஜனவரியில் ஏரிப் பனியில் துளைபோட்டு மீன் பிடிக்கப் போனபோது, தூண்டிலில் மாட்டும் பொடிமீன் குளிரில் உறைந்துவிடாமல் இருக்க நான் செருகியது. இங்கே நாங்கள் எல்லோரும் செய்வதுதான். எடுக்க மறந்திருக்கிறேன். ஏழு மீன். எண்ணினேன். எங்கள் வீட்டில் வெப்பத்தை அறுபத்திரண்டு ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வைப்பதில்லை, உள்ளேயும் குளிரும், ஆகவே சாப்பாட்டு மேஜையில் அந்தத் தொப்பி என் தலையில் இருந்தது. சௌனாவில் காது சுடாமலிருக்கத் தலையில் இருந்தது. ஜீன்ஸை மோந்த ஒவ்வொரு முறையும் என்னோடு சேர்ந்து குனிந்தது. சர்ச் விருந்தில் மரியாதைக்காகக் கழற்றி மடியில் வைத்திருந்தேன், வேட்டுக்கு மிக அருகில்.

"முதல் நாளே தெரியுமாங்க?" என்று கேட்டேன். என்னையறியாமல் எனக்கும் அந்த 'ங்க' வந்துவிட்டது.

"உக்காந்ததுமே தெரிஞ்சுதுங்க மாமா. சொல்லிரலாம்னுதான் மூணு வாட்டி வாயெடுத்தேன். ஆனா உங்க ஊர்ல ஒருத்தரும் எதையும் நேராச் சொல்றதில்லீங்களே. நான் மட்டும் எப்படிச் சொல்றதுங்க?"

ஆகவே தாங்கள் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். நாளும் மணியும் அளவும் எல்லாம் சரியாக இருப்பதால் மனம் வரவில்லை. ஒரு திருத்தத்துடன் அனுப்புகிறேன்.

திருத்தம்: மேலே உள்ள பக்கங்களில் நாற்றம் தொடர்பாக 'ஜீன்ஸ்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'தங்கள் சம்பந்தி ஹால்வர்' என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.